காலி கேரியர்

சென்னையில் ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கி நடந்தது. மேப்பில் விரல் வைத்துத் தேட வேண்டிய நாடுகளிலிருந்தெல்லாம் பையன்கள் வந்து இறங்கியிருந்தார்கள். ஆனால் கூனிமேட்டைப் பொறுத்தவரை அங்கே ஆடியது ஒரே ஒருத்தன்தான், ஷாகுல் ஹமீது பாயின் மகன் தவுசீப். மற்றவர்களெல்லாம் அவனோடு ஓடிப்பிடித்து விளையாட வந்தவர்கள். ஊர் அப்படித்தான் பேசிக்கொண்டது, அதைத் தப்பென்றும் சொல்ல முடியாது. கிரிக்கெட் மட்டையைத் தவிர வேறெதையும் கண்டிராத ஊரிலிருந்து ஒரு பையன் நீலச் சட்டை போட்டுக்கொண்டு இந்தியாவுக்கு ஆடுகிறான் என்றால் சும்மாவா?

ஹாக்கி மட்டை ஊருக்குள் வந்ததே ஷாகுல் ஹமீதால்தான். சவூதியில் வேலை பார்த்தபோது, வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாகிஸ்தான்காரர்கள் கட்டாந்தரையில் ஆடுவதைப் பார்த்துப் பார்த்து அவருக்கு அந்த ஆட்டத்தின் மேல் ஒரு கிறுக்கு. ஒருமுறை லீவில் வரும்போது சென்ட் பாட்டிலுக்கும் கம்பளிப் போர்வைக்கும் நடுவே ஒரு மட்டையையும் செருகிக்கொண்டு வந்தார். "இத வெச்சி என்ன பண்றது, துணி தொவைக்கவா?" என்று மனைவி மெஹரூன்னிசா கேட்டாள். பையன் அதைக் கையில் பிடித்தவன்தான், அப்புறம் விடவே இல்லை. ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டல், ஸ்டேட் டீம், இந்தியா கேம்ப் என்று போய்க்கொண்டே இருந்தான். அவன் அத்தா ஷாகுல் ஹமீதும் ஊரோடு திரும்பி வந்து ஈ.சி.ஆரில் ஹார்டுவேர் கடை போட்டுவிட்டார்.

மகன் கேம்ப்புக்குப் போனதில் மெஹரூன்னிசாவுக்கு இருந்த குறை ஒன்றே ஒன்று. சாப்பாடு. தினமும் போனில், "என்னடா சாப்ட்ட?" என்பாள். ஓட்ஸ் என்பான், வேகவைத்த கோழி என்பான், இலை தழை என்பான்.

"வேகவெச்ச கோழியா? உப்பு ஒறப்பு இல்லாமலா? ஆஸ்பத்திரில படுத்திருக்கறவனுக்குக் குடுக்கறத எம்புள்ளைக்குக் குடுக்கறானுங்களே, இவனுங்க நல்லா இருப்பானுங்களா?" என்று போனை வைத்ததும் அடுப்படியில் பாத்திரங்களை உருட்டுவாள். அன்றைக்குப் பாய்க்கு வாய்க்கும் சாம்பாரில் கொஞ்சம் கோபமும் கலந்திருக்கும்.

கால் இறுதிக்கு முந்தின நாள் டீமுக்கு ஓய்வு. குடும்பத்தார் ஹோட்டலுக்கு வந்து ஒரு மணி நேரம் பார்க்கலாம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். கூடவே கண்டிஷனும் போட்டிருந்தார்: வீட்டுச் சாப்பாடு ஒரு துளி கூடாது. ஷாகுல் ஹமீது அதை மனைவியிடம் மூன்று தரம் சொன்னார். மூன்று தரமும் அவள் தலையாட்டினாள். மெஹரூன்னிசா தலையாட்டினால் சம்மதித்துவிட்டாள் என்று அர்த்தமில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷம் ஆகியும் பாய்க்கு இது மட்டும் பிடிபடவே இல்லை.

விடியற்காலை ஃபஜர் பாங்குக்கு முன்பே எழுந்து மட்டன் குருமா வைத்தாள். இடியாப்பம் பிழிந்தாள். கேரியரில் அடுக்கி, துணியில் சுற்றி, வாசலில் வந்து நின்ற காரின் டிக்கியில், ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் ஒளித்து வைத்தாள். வைக்க உதவியவன் டிரைவர் தேவநாதன்.

இந்தத் தேவநாதன் எக்கியார்குப்பத்துக்காரன். தலைமுறை தலைமுறையாகக் கடலுக்குப் போகும் குடும்பம். இவனுக்கு மட்டும் படகில் ஏறினாலே குடல் வாய்க்கு வந்துவிடும். ஆன மட்டும் பார்த்துவிட்டு, 'நீ கரையிலயே இருந்து தொலை' என்று அண்ணன்மார் சேர்ந்து ஒரு கார் வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். தவுசீப் அரை டிரவுசர் போட்ட காலத்திலிருந்து அவனை டோர்னமென்ட்டுகளுக்கு ஏற்றிப் போனவன் இவன்தான். வீட்டு மனுஷன் மாதிரி.

ஹோட்டல் லாபியில் மகனைப் பார்த்ததும் மெஹரூன்னிசாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கன்னம் ஒட்டிப்போய், கழுத்து நீண்டு, ஒட்டடைக்குச்சி மாதிரி இருந்தான். அத்தா மேனேஜருக்குக் கைகொடுத்து, பக்கத்தில் நெட்டையாக நின்ற டீம் டாக்டரம்மாவிடம் பேசிக்கொண்டிருந்த நேரம் பார்த்துக் காதோரம் குனிந்தாள்.

"கார்ல கேரியர் இருக்குது. தேவநாதன்கிட்ட சொல்லிட்டேன். போய் ஒரு வாய் சாப்ட்டு வா."

"அம்மா, அதெல்லாம் கூடாதும்மா. டாக்டர் மேடம் திட்டுவாங்க."

"பெத்தவ சொல்றேன், போடா."

அவன் ஒரு நிமிஷம் அவள் முகத்தையே பார்த்தான். பிறகு தேவநாதன் அண்ணனைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் பார்க்கிங்குக்குப் போனான். திரும்பி வரும்போது கர்ச்சீப்பால் வாயைத் துடைத்துக்கொண்டே வந்தான். வீட்டுக்கு வந்து மெஹரூன்னிசா கேரியரைத் திறந்து பார்த்தாள். கழுவித் துடைத்துக் காலியாக இருந்தது. ராத்திரி போனில், "செம்மம்மா! தேங்கா அரைச்சது அப்படியே பட்டு மாதிரி, கறி எலும்ப விட்டு வழுக்கிக்கிட்டு வருது, வழிச்சு நக்கிட்டேன்" என்று மகன் சொன்னான். கேம்ப் தொடங்கியதிலிருந்து அன்றைக்குத்தான் அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

மறுநாள் சாயங்காலம் கால் இறுதி. ஹார்டுவேர் கடை வாசலில் டி.வி.யை வெளியே வைத்து ஊரே பார்த்தது. இந்தியா ஒரு கோல் முன்னிலையில் இருக்கும்போது கடைசி நிமிஷத்தில் எதிர் டீமுக்குப் பெனால்டி கார்னர் கிடைத்தது. அடிக்கப் போகிறவனை நோக்கி முதலில் பாய்ந்து ஓடுவது தவுசீப்பின் வேலை. துப்பாக்கிக்கு முன்னால் நெஞ்சைக் காட்டுகிற வேலை அது. ஓடினான். பந்து அவன் முட்டியில் பட்டு வெளியே தெறித்தது, மணியும் அடித்துவிட்டது. ஷாகுல் ஹமீது, இரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத பெரியப்பா மகனைக் கட்டிப்பிடித்து அழுதார். பட்டாசுச் சத்தத்தில் மெஹரூன்னிசாவுக்குக் காது அடைத்துக்கொண்டது.

ராத்திரி மகனின் போன் தாமதமாக வந்தது.

"லேட்டாயிடுச்சும்மா. டோப் டெஸ்ட்டுக்குக் குலுக்கிப் போட்டாங்க, என் நம்பர் வந்துச்சு. வெளையாடி வெளையாடி ஒடம்புல தண்ணியே இல்ல. பாட்டில் பாட்டிலா குடிச்சும் ஒண்ணுக்கு வரல. ஒருத்தர் கூடவே நிக்கிறாரு, எனக்கு ஒரே வெக்கமா போயிடுச்சு."

அவள் சிரித்தாள். எதற்கு டெஸ்ட் என்று கேட்டதற்கு, போதை மருந்து, ஊக்க மருந்து ஏதாவது உடம்பில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள் என்றான். "பாக்கட்டும், நல்லா பாக்கட்டும். எம்புள்ள ஒடம்புல பாலும் தண்ணியும்தான் இருக்குது" என்றாள்.

மறுநாள் காலை, வேலையெல்லாம் முடிந்து உட்கார்ந்திருந்த நேரத்தில் பக்கத்து வீட்டு சனோபர் வந்தாள்.

கதையை இங்கே கொஞ்சம் நிறுத்தி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். சனோபரின் புருஷன் இஜாஸ் சில வருஷங்களுக்கு முன் கல்ஃபுக்குப் போனபோது, அவன் பெட்டியில் மசாலா சாமான்களோடு ஒரு பாக்கெட் கசகசாவும் போயிற்று. நமக்கு அது குருமாவில் அரைத்து ஊற்றுகிற சாமான். அங்கே அது போதைச் செடியின் விதை. ஏர்போர்ட்டிலேயே பிடித்து உள்ளே வைத்துவிட்டார்கள். அவன் திரும்பி வருவதற்குள் சனோபர் பாதி ஆளாகிவிட்டாள். அன்றிலிருந்து கூனிமேட்டில் ஒரு வழக்கம். யார் பயணம் போனாலும் சரி, பெட்டி கட்டும்போது தெருவிலிருந்து ஒருத்தராவது உள்ளே வந்து, "கசகசா இல்லியே?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள். கேட்காமல் யாரையும் விமானம் ஏற விட்டதில்லை. ஆனால் சென்னைக்கு, அதுவும் டிபன் கேரியருக்கு, யார் வந்து கேட்பார்கள்?

சனோபர் காலை நீட்டி உட்கார்ந்து, நேற்றைய ஆட்டத்தைப் பேசி, டோப் டெஸ்ட்டுக்கு வந்தாள்.

"போதையான்னு பாப்பாங்களாக்கா? மூத்திரத்துலயா?"

"ஆமாடி. பாக்கட்டுமே."

சனோபர் நீட்டிய காலை மடக்கிக்கொண்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "அக்கா, தப்பா எடுத்துக்காத. அன்னிக்கு நீ குருமா எடுத்துட்டுப் போனியே. அதுல கசகசா போட்டியா?"

மெஹரூன்னிசாவின் கண் அடுப்படியில் இருந்த மசாலா டப்பாவுக்குப் போனது. போட்டிருந்தாள். எப்போதும் போடுவதைவிட ஒரு கை கூடவே போட்டிருந்தாள். பிள்ளை இளைத்துப் போயிருக்கிறானே, குருமா நல்லா கொழகொழவென்று இருக்கட்டுமே என்று ஆசை ஆசையாகப் போட்டிருந்தாள்.

"சாப்பாட்டுல இருக்கறதெல்லாமாடி தெரியும்?"

சனோபர் போனை எடுத்துத் தட்டிப் பார்த்தாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்தே இவள் எழுந்து நின்றுவிட்டாள். "சில சமயம் டெஸ்ட்டுல காட்டுமாம்க்கா. எவ்ளோ தின்னோம், எப்ப தின்னோம்ங்கறதப் பொறுத்ததாம். எப்பவும் காட்டாதாம்..." சனோபர் நல்ல மனசோடு 'எப்பவும் காட்டாது' என்பதை இரண்டு தரம் அழுத்திச் சொன்னாள். மெஹரூன்னிசாவின் காதில் 'காட்டுமாம்' மட்டும்தான் விழுந்தது.

"காட்டுனா?"

"ஆட விட மாட்டாங்களாம். வருஷக் கணக்குலன்னு போட்டிருக்குது."

யா அல்லாஹ்! வருஷக் கணக்கில் ஆடாவிட்டால் பையனின் ஆட்டமே முடிந்தது. அது மட்டுமா? நாளைக்கு டி.வி.யில் அவன் போட்டோவைப் போட்டு 'போதை' என்று எழுதுவார்கள். கல்யாணத்துக்குப் பெண் கேட்டுப் போகிற இடத்தில் கேட்பார்கள். ஜெயித்த டீமுக்கும் கெட்ட பேர். சாவுற வரைக்கும் இந்த ஊர் ஒன்று சொல்லும்: பெத்தவளே சோத்தில் வைத்துக் கெடுத்தாள்.

இதை யாரிடம் சொல்வது? பாயிடம் சொன்னால், மூன்று தரம் சொன்னேனே என்று ஆரம்பித்துத் தெருவையே கூட்டிவிடுவார், பிரஷர் வேறு இருக்கிறது. மகனிடம் சொல்லவே கூடாது. நாளைக்கு அரை இறுதி. இதைக் கேட்டான் என்றால் அவன் கால் ஓடுமா, கை ஓடுமா? மிச்சம் இருந்தது அந்த டாக்டர் அம்மாதான். லாபியில் நெட்டையாக, கண்ணாடி போட்டுக்கொண்டு நின்றதே, அந்த அம்மா. அவள் காலில் விழுந்தாவது சொல்லிவிட வேண்டும். 'நான்தான் குடுத்தேன், அதுல கசகசா இருந்தது எம்புள்ளைக்குத் தெரியாது, என்னைப் புடிச்சி உள்ள போடுங்க, அவன விட்டுடுங்க.' டாக்டர் நம்பர் கையில் இல்லை. நேரில் போனால்தான் உண்டு.

தேவநாதனுக்குப் போன் போட்டாள். பாயிடம், மரக்காணத்தில் மாமியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றாள். சனோபரிடம் வாயைத் திறக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். புர்காவை மாட்டிக்கொண்டு காரில் ஏறினாள்.

"சென்னைக்குப் போ. அன்னிக்குப் போனமே, அந்த ஹோட்டலு."

"பாய் வரலியாக்கா?"

"இல்ல. நீ ஓட்டு."

எக்கியார்குப்பம் தாண்டியது. மரக்காணம் ஊரும் தாண்டியது. பின் சீட்டில் அவள் புர்கா முனையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தேவநாதன் கண்ணாடியில் பார்ப்பதும் ரோட்டைப் பார்ப்பதுமாக இருந்தான். அவனுக்கு மனசு கேட்கவில்லை.

"இன்னாக்கா ஆச்சி? தம்பிக்கு அடி கிடி பட்டுச்சா? முட்டில வாங்கிச்சே நேத்து."

அதற்கு மேல் அவளால் அடக்க முடியவில்லை. உடைத்துக்கொண்டு வந்தது. குருமா, கசகசா, இஜாஸ், டெஸ்ட், வருஷக் கணக்கு எல்லாவற்றையும் அழுகையும் மூக்கு உறிஞ்சலுமாகக் கொட்டித் தீர்த்தாள். "நானே எங்கையால என் புள்ள வாழ்க்கையில மண்ண அள்ளிப் போட்டுட்டேன் தேவநாதா. டாக்டரம்மா கால்ல விழப் போறேன். விட்டா விடட்டும், இல்லன்னா என்னப் புடிச்சிக் குடுக்கட்டும்."

காரின் வேகம் குறைந்தது. இன்னும் குறைந்தது. உப்பளங்களுக்கு நடுவில் ரோடு போகிற இடத்தில், ஓரமாக நிறுத்திவிட்டான். மழைக் காலமாதலால் பாத்திகளெல்லாம் தண்ணீரில் முழுகி ஏரி மாதிரி கிடந்தன. தேவநாதன் இறங்கினான். காரைச் சுற்றி ஒரு நடை நடந்தான். சட்டைக் காலரால் முகத்தைத் துடைத்தான். பிறகு பின் கதவைத் திறந்து, கையைக் கட்டிக்கொண்டு, வாத்தியார் முன்னால் நிற்கிறவன் மாதிரி நின்றான்.

"அக்கா, ஒண்ணு சொல்றேன். என்ன வேணா திட்டுங்க. ரெண்டு அடி கூட அடிச்சிக்குங்க."

அவளுக்கு இருந்த பயத்தில் இன்னொரு பயம் வந்து சேர்ந்தது. "என்னடா? இன்னும் என்ன?"

"அந்தக் குருமாவ தம்பி சாப்புடலக்கா."

"பின்ன?"

"நான்தான் துன்னேன்."

மெஹரூன்னிசா அவனை வெறித்துப் பார்த்தாள். ரோட்டில் ஒரு லாரி போய், அதன் காற்று அடித்து ஓய்ந்தது.

"எனக்கு ஆறுதலுக்குச் சொல்லாத தேவநாதா. கர்ச்சீப்பால வாயத் தொடச்சிட்டு வந்தான், நான் பாத்தேன்."

"வெறும் வாயத் தொடச்சிருக்கும்க்கா."

"போனுல வழிச்சு நக்கினேன்னான்."

"வழிச்சது நானு. சத்தியமா நானு. எங்க ஆத்தா கங்கையம்மன் மேல சத்தியம்."

அவளுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. இந்த மாதிரி நேரத்தில் மனுஷர்கள் எந்தச் சாமி மேலும் சத்தியம் பண்ணுவார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு போலீஸ்காரி மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அப்படின்னா சொல்லு. மேல் தட்டுல என்ன இருந்துச்சு?"

"இடியாப்பம். வாழ எல போட்டு வெச்சிருந்தீங்க."

"நடுத் தட்டுல?"

"கறி. உருளக்கெழங்கு பெருசு பெருசா. அடியில ஒரு நல்லி எலும்பு, அத நீங்க கெழங்குக்குக் கீழ மறைச்சி வெச்சிருந்தீங்க."

மகனுக்கு எதிர்பாராமல் கைக்குக் கிடைக்க வேண்டும் என்று அவள் அதை அப்படித்தான் மறைத்து வைத்திருந்தாள். சனோபருக்குக் கூடத் தெரியாது.

"நல்லியையும் நீதான் உறிஞ்சினியா?"

"ஆமாக்கா."

"படுபாவி!" என்று கத்தினாள். கத்தின வாயே சிரித்துவிட்டது. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து மூச்சு முட்டியது. "அல்ஹம்துலில்லாஹ்! அல்ஹம்துலில்லாஹ்!" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள். "நீ நல்லா இருப்படா! உன் கொலம் வாழும்! தின்னியே மகராசா, நீ தின்னியே!" குருமா திருடித் தின்றவனை இப்படி யாரும் வாழ்த்தியிருக்க மாட்டார்கள். தேவநாதன் எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் நின்றான்.

கொஞ்சம் மூச்சு வந்ததும் மறுபடி சந்தேகம் பிடித்துக்கொண்டது. தாய் மனசு அப்படி.

"ஒரு வாய் கூடவா எடுக்கல? வெரலால தொட்டு நாக்குல வெச்சிருந்தா?"

"இல்லக்கா. தம்பி கைய ரெண்டையும் பின்னாடி கட்டிக்கிட்டு நின்னுச்சி. 'அண்ணே, வெளிச் சாப்பாடு ஒரு பருக்கை தொட மாட்டேன்னு டாக்டர் மேடத்துக்கு வாக்கு குடுத்திருக்கேன், நீங்க சாப்புடுங்க'ன்னுச்சி. நான் சொன்னேன், எனக்கு வேணாம் தம்பி, அக்கா ஆசையா குடுத்துது, வேற எங்கனா கொட்டிடலாம்னு. அதுக்குக் கோவம் வந்துடுச்சி. 'எங்கம்மா சோத்த குப்பைல போடுவீங்களா'ன்னு கேட்டுச்சி. காலி கேரியரப் பாத்தாத்தான் அம்மா தூங்கும், அம்மாகிட்ட சொல்லிடாதீங்கன்னு கைய புடிச்சிக்கிச்சி. நான் இன்னா பண்ணுவேன்?"

மெஹரூன்னிசா டிக்கிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"துன்னும்போது பக்கத்துலயே நின்னு ஒவ்வொண்ணா கேட்டுச்சிக்கா. தேங்கா எப்டி இருக்குது, கறி வெந்திருக்குதா, ஒறப்பு இருக்குதான்னு. ராத்திரி அம்மா கேக்கும், சொல்லணும்ன்னுச்சி. வாசனைய இழுத்து இழுத்து மூச்சு விட்டுச்சி பாருங்க, எனக்குச் சோறு எறங்கல."

"எறங்கலியா? நல்லி எறங்குச்சில்ல?"

"அது எறங்கிச்சி" என்று ஒத்துக்கொண்டான்.

பட்டு மாதிரி, எலும்பை விட்டு வழுக்கிக்கொண்டு வருகிறது என்று மகன் போனில் சொன்னதெல்லாம் தேவநாதனின் நாக்கு சொன்னதா! அவளுக்குக் கோபம் வர வேண்டும். அது போன இடம் தெரியவில்லை. இருபது வயசுப் பிள்ளை, பசியோடு, ஆசைப்பட்ட குருமாவுக்கு முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறான். வாக்கையும் காப்பாற்றிக்கொண்டான், அவளையும் தூங்க வைத்துவிட்டான். நெஞ்சுக்குள் ஒரு பக்கம் குளிர்ந்தது. ஒரு பக்கம் பிசைந்தது. குளிர்ந்ததுதான் அதிகம். காலையிலிருந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாறாங்கல்லை யாரோ தூக்கி உப்பளத்தில் வீசிவிட்ட மாதிரி இருந்தது.

தேவநாதன் தலையைச் சொறிந்தான். "அக்கா, ஒரு டவுட்டு."

"என்ன?"

"இப்ப எனக்கு டெஸ்ட் எடுத்தா நான் மாட்டிக்குவனா?"

"உன்ன எவன்டா கூப்ட்டு டெஸ்ட் எடுக்கப் போறான்? படகுல ஏறினாலே வாந்தி எடுக்கறவனுக்கு உலகக் கோப்பையில என்ன வேல? வண்டியில ஏறு" என்றாள். ரோட்டோரத்தில் உப்பு மூட்டை விற்கிற கிழவர் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார். நடுரோட்டில் ஒரு பெண்பிள்ளை அழுவதும் சிரிப்பதும் அவருக்கு என்னவோ போலிருந்திருக்கும்.

போன் அடித்தது. மகன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கொஞ்ச நேரம் போனைக் கையில் கொடுப்பார்கள். மெஹரூன்னிசா தொண்டையைச் செருமிச் சரிசெய்துகொண்டு, தேவநாதனை முறைத்து, உதட்டில் விரல் வைத்துக் காட்டிவிட்டு ஸ்பீக்கரில் எடுத்தாள்.

"என்னம்மா, வண்டி சத்தம் கேக்குது? எங்க இருக்க?"

"மரக்காணத்துல, மாமிய பாக்க வந்தேன். சாப்ட்டியாடா?"

"ஆச்சும்மா. அதே வேகவெச்ச கோழி." ஒரு பெருமூச்சு விட்டான். "அன்னிக்கு நீ குடுத்த குருமா இருக்கே, இன்னும் நாக்குலயே நிக்குதும்மா."

தேவநாதன் அவசரமாக முன் சீட்டில் ஏறி ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான். முதுகு குலுங்கியது.

"நல்லி எப்படிடா இருந்துச்சு?"

மறுமுனையில் ஒரே ஒரு கணம் தயக்கம். "நல்லியா? சூப்பரும்மா. தட்டித் தட்டி உறிஞ்சினேன். கெழங்குக்குக் கீழ ஒளிச்சி வெச்சிருந்தியே, கள்ளி!"

பிள்ளை எவ்வளவு கவனமாகப் பார்த்து வைத்திருக்கிறான்! அவளுக்கு மறுபடி கண்ணில் தண்ணீர் கட்டியது. குரலில் காட்டிக்கொள்ளவில்லை. நாளைக்கு ஆட்டத்தில் முட்டியைப் பார்த்துக்கொள், தொழுது துஆ பண்ணுகிறேன் என்றெல்லாம் சொன்னாள். பிறகு சும்மா கேட்கிற மாதிரி கேட்டாள்.

"ஏன்டா, நேத்து எடுத்தாங்களே டெஸ்ட்டு, அதுல ஒண்ணும் தொல்ல வராதில்ல?"

"என்னம்மா நீ, அதுக்கா பயந்துட்டிருக்க? என்ன தொல்ல வரும்? கேம்ப்புக்கு வந்த நாள்லேர்ந்து வெளிச் சாப்பாடு ஒரு பருக்கை தொட்டதில்ல நானு. டாக்டர் மேடமே எல்லாருக்கும் முன்னாடி என்னத்தான் கையக் காட்டுவாங்க, தவுசீப் மாதிரி இருங்கடான்னு. ஒரு பருக்கை, ஒரு சொட்டு, எதுவும்..."

பேச்சு சட்டென்று நின்றது. அந்தப் பக்கம் அவன் நாக்கைக் கடித்துக்கொண்டது அவளுக்கு இங்கே தெரிந்தது. சாப்பாட்டுக் கூடத்தில் தட்டுகள் மோதும் சத்தம் கேட்டது. தேவநாதன் ஸ்டியரிங்கிலிருந்து தலையைத் தூக்கி மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தான்.

"உன் குருமாவத் தவிரம்மா" என்றான் தவுசீப், அவசர அவசரமாக. "உன் குருமாவத் தவிர."

"ஆமாண்டா ராஜா" என்றாள் மெஹரூன்னிசா. "அதத் தவிர."